குழந்தைகளோடு ஆப்பிரிக்க வேட்டை: நமீபியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பண்ணையைத் தேர்ந்தெடுக்கும் வழி

முதன்முறையாக ஆப்பிரிக்க வேட்டைக்குத் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் விலைப்பட்டியலைத்தான் முதலில் திறக்கிறார்கள். கூடூ மான் எவ்வளவு, வரிக்குதிரை எவ்வளவு, ஐந்து விலங்குக்குச் சேர்த்துப் பேசினால் எவ்வளவு குறையும் என்று கணக்கு ஓடுகிறது. தனியாகப் போகிறவருக்கு அது போதும். குடும்பத்தோடு போகிறவர் அந்தப் பட்டியலைக் கடைசியாகப் பார்க்க வேண்டும். உங்களோடு வருகிறவர்களில் மிகச் சிறிய குழந்தையையும், துப்பாக்கியைத் தொடவே விரும்பாத ஆளையும் மனத்தில் வைத்துத்தான் பண்ணையை முடிவு செய்ய வேண்டும். அவர்கள் இருவருக்கும் ஏழு நாளும் நன்றாகப் போனால் உங்கள் வேட்டையும் நன்றாகப் போகும். அவர்களுக்கு மூன்றாம் நாளே சலித்துவிட்டால், எவ்வளவு பெரிய கொம்பு கிடைத்தாலும் பயணம் கெட்டதுதான்.

இங்கே பேசப்போவது 'பிளெயின்ஸ் கேம்' வேட்டையைப் பற்றி. அந்தப் பெயர் மான் வகைகள், வரிக்குதிரை, வார்ட்ஹாக் எனும் காட்டுப்பன்றி ஆகியவற்றைக் குறிக்கும். யானை, எருமை, சிங்கம், சிறுத்தை இதில் சேரா. குடும்பத்துக்கு இந்த வகை பொருந்துவதற்கு அதுவே முதல் காரணம். இரண்டாவது காரணம் நிலம். நமீபியாவில் 1975-ஆம் ஆண்டின் இயற்கைப் பாதுகாப்புச் சட்டமும், தென்னாப்பிரிக்காவில் 1991-ஆம் ஆண்டின் விலங்குத் திருட்டுச் சட்டமும் முறையாக வேலியிட்ட நிலத்தின் காட்டு விலங்குகள் மீது நில உரிமையாளருக்கு உரிமை கொடுத்தன. அதனால் மாடும் ஆடும் வளர்த்த பல பண்ணைக் குடும்பங்கள் மான்களுக்கு மாறின. இன்று நீங்கள் தங்கப் போவது பெரும்பாலும் அப்படியொரு குடும்பத்தின் வீட்டு வளாகத்தில். அவர்களுடைய பிள்ளைகளும் அங்கேயே ஓடி விளையாடிக் கொண்டிருப்பார்கள்.

முதலில் ஆள் கணக்கு

ஒரு தாளை எடுத்து வருகிறவர்களின் பெயரை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று விஷயங்கள்: வயது, சுடப்போகிறாரா இல்லையா, காலை பத்தரை மணியிலிருந்து மதியம் மூன்று மணி வரை என்ன செய்வார்.

மூன்றாவது கேள்விதான் முக்கியம். வேட்டை விடியலிலும் மாலையிலும்தான் நடக்கும். நண்பகலில் விலங்குகள் நிழலில் ஒதுங்கிவிடும். எல்லோரும் வீடு திரும்புவார்கள். அந்த நாலரை மணி நேரத்தில் குழந்தைக்கு ஒரு நீச்சல் குளமோ, குதிரையோ, மீன் பிடிக்க ஒரு சிறு அணையோ, கன்றுக்குட்டியோ இருக்க வேண்டும். வேட்டைக்கு வராதவருக்கு ஒரு வண்டியும் ஓட்டுநரும் தேவைப்படும். ஒரே வண்டிதான் உள்ள பண்ணையில், நீங்கள் வேட்டைக்குக் கிளம்பியதும் மற்றவர்கள் வீட்டில் அடைபட்டுப் போவார்கள். முதல் மின்னஞ்சலிலேயே "எங்களுக்கு இரண்டாவது வண்டி உண்டா?" என்று கேட்டுவிடுங்கள்.

ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தையைப் பதுங்கி நடக்கும் வேட்டைக்கு அழைத்துப் போகவே கூடாது. பேசாமல் இரண்டு மணி நேரம் நடக்க அந்த வயதில் முடியாது, வற்புறுத்துவதும் நியாயமில்லை. எட்டு முதல் பத்து வயதுக்காரர்கள் அரைநாள் வரலாம். சுடுவதற்குப் பத்து, பன்னிரண்டு வயதிலிருந்து பல பண்ணைகள் சம்மதிக்கின்றன. இதில் மாகாணத்துக்கு மாகாணம், பண்ணைக்குப் பண்ணை விதி வேறுபடும் என்பதால், பிள்ளையின் வயதைச் சொல்லி எழுத்தில் பதில் வாங்குங்கள்.

இடமும் மாதமும்

குழந்தை இருந்தால் மலேரியா இல்லாத பகுதியாகப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் ஈஸ்டர்ன் கேப், ஃப்ரீ ஸ்டேட், வடமேற்கு மாகாணத்தில் பிலானெஸ்பெர்க், மடிக்வே சுற்றுவட்டாரம் பாதுகாப்பானவை. நமீபியாவில் வின்ட்ஹூக்கைச் சுற்றிய கோமாஸ் மேட்டு நிலமும் அதற்குத் தெற்கும் நல்லவை. லிம்போப்போ ஆற்றுப் பள்ளத்தாக்கு, குரூகர் தேசியப் பூங்கா பக்கத்துத் தாழ்நிலம், நமீபியாவின் வட எல்லை, சாம்பேசி நீட்சி ஆகியவை மலேரியா இடங்கள். லிம்போப்போ மாகாணம் முழுவதுமே ஆபத்து என்று எண்ணிவிட வேண்டாம். வாட்டர்பெர்க் மலைப்பகுதியின் பல இடங்கள் மலேரியா அற்றவை. பண்ணையின் சரியான இருப்பிடத்தைக் கேட்டு, பயண மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

மாதங்களில் மே முதல் ஆகஸ்ட் வரை சிறந்தவை. அங்கே அப்போது குளிர்காலம், வறண்ட காலம். புதர் இலை உதிர்ந்து பார்வை திறக்கும். விலங்குகள் நீர்நிலைக்கு வரும். கொசுவும் பாம்பும் குறைவு. இந்தியப் பள்ளிகளின் கோடை விடுமுறையோடு மே மாதம் அழகாகப் பொருந்துகிறது. ஏப்ரல், மே மாதங்களில் இம்பாலா மான்கள் இணைசேரும் பருவம். கிடாக்கள் உறுமிக்கொண்டு திரிவதைக் குழந்தைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். நமீபியாவில் டிராபி வேட்டைப் பருவம், அதாவது கொம்பையும் தோலையும் நினைவுப் பொருளாக எடுத்துக்கொள்ளும் வேட்டையின் பருவம், பிப்ரவரி 1 முதல் நவம்பர் 30 வரை. டிசம்பர், ஜனவரியில் கிடையாது.

ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று நினைத்துப் பருத்திச் சட்டையோடு போய் இறங்குகிறவர்கள் உண்டு. ஜூன், ஜூலையில் கோமாஸிலும் தென்னாப்பிரிக்காவின் வறண்ட கரூ பகுதியிலும் விடியற்காலை வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும். திறந்த பிக்கப் வண்டியின் பின்னால் அந்தக் காற்றில் உட்கார்ந்தால் குழந்தை அழுதுவிடும். கம்பளித் தொப்பி, கையுறை, காற்றுப் புகாத மேல்சட்டை மூன்றும் கட்டாயம். நண்பகலில் 20 டிகிரியை ஒட்டி ஏறிவிடும் என்பதால் தடித்த ஒரே உடையைவிட அடுக்கடுக்காக அணிவதே வசதி.

பண்ணையை எடைபோடுவது

பரப்பளவைக் கேளுங்கள். 5,000 ஹெக்டேருக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. நமீபியப் பண்ணைகளில் பலவும் அந்த அளவுக்கு இருக்கும். சில நூறு ஹெக்டேருக்குள் வேலி போட்டு, வேட்டைக்கு முந்தைய வாரம் விலங்கை வாங்கி இறக்கிவிடும் இடங்களும் இருக்கின்றன. அங்கே நடப்பதை வேட்டை என்று சொல்ல முடியாது. பிள்ளைக்கு முதன்முதலில் காட்ட வேண்டியதும் அது இல்லை. "இந்த விலங்குகள் இந்த நிலத்திலேயே குட்டி போட்டுப் பெருகுகின்றனவா, ஏலத்தில் வாங்கி விடுகிறீர்களா?" என்று நேரடியாகக் கேட்கலாம். நேர்மையான பண்ணைக்காரருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும்.

கூண்டில் வளர்த்த சிங்கங்களை வேட்டைக்கு விற்கும் இடங்களை ஒதுக்கிவிடுங்கள், நீங்கள் சிங்கத்தைத் தேடிப் போகாவிட்டாலும். குட்டியைக் கொஞ்ச விடுகிறோம் என்று குழந்தைகளை ஈர்ப்பதும் பெரும்பாலும் இவர்களே; கொஞ்சப்பட்ட குட்டிகள் வளர்ந்ததும் போகிற இடம் நல்ல இடமல்ல. இந்த விவகாரத்தில்தான் தென்னாப்பிரிக்கத் தொழில்முறை வேட்டைக்காரர் சங்கமான பி.எச்.ஏ.எஸ்.ஏ. 2017-இல் பிளவுபட்டது. வளர்ப்புச் சிங்க வேட்டையை ஏற்காதவர்கள் வெளியேறித் தனி அமைப்பு கண்டார்கள். நமீபியாவில் பண்ணைக்காரர் 1974 முதல் இயங்கும் நாப்ஹா எனும் தொழில்முறை வேட்டைக்காரர் சங்கத்தின் உறுப்பினரா என்று பார்ப்பது நல்ல தொடக்கம்.

அதே நிலத்தில் எருமை, காண்டாமிருகம், யானை இருக்கின்றனவா என்றும் கேட்க வேண்டும். இருந்தால், குழந்தைகள் வீட்டைச் சுற்றித் தாங்களாக நடமாட முடியாது. அதை முன்னரே தெரிந்துகொண்டு போக வேண்டும். வீட்டைச் சுற்றி உள்வேலி உண்டா, நீச்சல் குளத்துக்குத் தடுப்பு உண்டா, பிள்ளைகளின் அறை உங்கள் அறையோடு இணைந்திருக்கிறதா? கூரை வேய்ந்த தனித்தனி வட்டக் குடிசைகள் படத்தில் அழகாக இருக்கும். ஆனால் ஐந்து வயதுக் குழந்தையை முப்பது மீட்டர் தள்ளி இன்னொரு குடிசையில் படுக்க வைக்க எந்தத் தாயும் சம்மதிக்க மாட்டாள். அருகிலுள்ள மருத்துவமனை எத்தனை மணி நேரத் தொலைவு, செல்பேசி எடுக்குமா, மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு என்பதையும் அதே மடலில் கேட்டு முடித்துவிடுங்கள்.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. பண்ணை மேசையில் இறைச்சிதான் நடுநாயகம். சைவம் சாப்பிடுகிறவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால் ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள். மிக அருகிலுள்ள கடைக்கே நூறு கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும். சோளமாவில் கிளறும் பாப், காரமான சக்கலக்கா காய்கறிக் கூட்டு, பட்டர்நட் பூசணி எல்லாம் நம் நாவுக்கு ஒத்துவரும். ஹலால் தேவைப்படுகிறவர்களும் அப்படியே முன்கூட்டிச் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்க நகரங்களில் ஹலால் இறைச்சி எளிதில் கிடைப்பதால், பண்ணைக்காரர் வாங்கி வைத்துவிடுவார்.

உங்களை வழிநடத்தப்போகும் பி.எச்.

தொழில்முறை வேட்டைக்காரரை அங்கே எல்லோரும் பி.எச். என்றுதான் அழைப்பார்கள். வெளிநாட்டவர் உரிமம் பெற்ற பி.எச். இல்லாமல் வேட்டையாட முடியாது. தென்னாப்பிரிக்காவில் அந்த உரிமத்தை மாகாணங்கள் தருகின்றன. லிம்போப்போவில் பதிந்தவர் ஈஸ்டர்ன் கேப்பில் உங்களை அழைத்துப் போக வேண்டுமென்றால் அவருக்கு அந்த மாகாண அனுமதியும் இருக்க வேண்டும்.

அதைவிட முக்கியம், யார் வரப்போகிறார் என்பது. உரிமையாளர் இனிமையாகப் பேசி முன்பணம் வாங்குவார். போய் இறங்கினால் அந்த வாரத்துக்கு மட்டும் வாடகைக்கு அமர்த்திய இளைஞர் வந்து நிற்பார். அவர் திறமைசாலியாகவே இருக்கலாம், ஆனால் பிள்ளைகளோடு பழகியவரா? அதனால் பி.எச். பெயரை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். முன்பு குழந்தைகளோடு வந்துபோன இரண்டு குடும்பங்களின் தொடர்பைக் கேட்டு வாங்குங்கள். அவர்களிடம் கொம்பின் நீளத்தைப் பற்றி விசாரிக்க வேண்டாம். பிள்ளை தவறவிட்டபோது பி.எச். என்ன சொன்னார் என்று கேளுங்கள். அந்த ஒரு பதிலில் ஆள் தெரிந்துவிடுவார்.

ஒரு பி.எச்.சுக்கு ஒரு வேட்டைக்காரர் என்பது ஒருவகை ஏற்பாடு. இருவர் என்பது இன்னொன்று, நாள் கட்டணமும் குறைவு. தந்தையும் மகளும் மாறி மாறிச் சுடுவதாக இருந்தால் இரண்டாவது போதும். கணவன் மனைவி இருவரும் முழு நேரம் வேட்டையாடுவதாக இருந்தால் தனித்தனி பி.எச். நல்லது.

எந்த விலங்கு?

முதல் விலங்காக இம்பாலாவையே சொல்வோம். எண்ணிக்கையில் நிறைய, கிடா 50, 60 கிலோ, அதிக விசை இல்லாத ரைஃபிளே போதும், ஒரு வாய்ப்பு தவறினால் அன்றைக்கே இன்னொன்று கிடைக்கும். அது இல்லாத இடத்தில் ஸ்பிரிங்பாக் அல்லது பிளெஸ்பாக் மான். ஸ்பிரிங்பாக் உடல் சிறியது, திறந்த வெளியில் 200 மீட்டருக்கு அப்பால் நிற்கும். எனவே பிள்ளைக்கு அது சற்றுக் கடினம். பிளெஸ்பாக்கைப் போலவே தோன்றும் பாண்டெபாக் என்ற உறவினம் உண்டு. அது காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் எனும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால் ஏற்றுமதி இறக்குமதித் தாள்கள் கூடுதலாக வேண்டும். நமீபியாவின் ஹார்ட்மான் மலை வரிக்குதிரைக்கும் அதே நிலை.

வார்ட்ஹாக் நீர்நிலை அருகே மறைவிடத்தில் உட்கார்ந்து காத்திருக்க ஏற்றது. நடக்க முடியாத தாத்தா பாட்டிக்கும், நடந்து களைத்த குழந்தைக்கும் அந்த மறைவிடமே நல்ல மாலைப் பொழுது. ஒரு மணி நேரத்தில் பத்து வகைப் பறவைகளும் மான்களும் கண்ணெதிரே நீர் குடித்துப் போகும்.

ஜெம்ஸ்பாக் மானில் ஆண் பெண் இரண்டுக்கும் கொம்பு உண்டு. பெண்ணின் கொம்புதான் பெரும்பாலும் நீளம். கன்றோடு நிற்பது எது, மந்தையை விட்டு விலகிய கிழடு எது என்று பிரித்துக் காட்டுவது பி.எச். வேலை. அவர் கை காட்டும் வரை விரல் விசைக்குப் போகக் கூடாது. கூடூ காளை 200 கிலோவைத் தாண்டும். முறுக்குக் கொம்போடு புதரில் நின்றால் சாம்பல் நிழல்போல மறைந்துவிடும். எல்லோரும் ஆசைப்படுவது அதற்குத்தான். ஆனால் அதற்காக மூன்று நாள் தனியே ஒதுக்க மனமில்லாதவர்கள் பட்டியலில் சேர்க்க வேண்டாம். நீல வில்டபீஸ்ட் எனும் மாடு போன்ற மான் உயிர் கெட்டியானது. சரியான இடத்தில் படாத குண்டோடு பல கிலோமீட்டர் ஓடும். முதல்முறை சுடும் பிள்ளைக்கு அது வேண்டாம். ஈலாண்ட் மானின் காளை 700, 800 கிலோ வரை போகும் பெரும் உடல். அதையும் பெரியவர்களுக்கு விட்டுவிடலாம்.

ஏழு நாளில் நான்கைந்து விலங்கு என்பது நிதானமான கணக்கு. ஒன்பது, பத்து என்று மொத்த விலை பேசினால், நாள் முழுக்க வண்டியில் துரத்துவதுதான் நடக்கும். குடும்பம் உங்களை இருட்டிய பிறகே பார்க்கும்.

நமீபியாவில் வேட்டை அனுமதிச்சீட்டு ஆள்பெயரில் வழங்கப்படுகிறது. ஓர் இனத்தில் ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு விலங்கு. அப்பாவின் சீட்டில் மகன் சுட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துப் போனால் பண்ணைக்காரர் மறுத்துவிடுவார். சுட வாய்ப்புள்ள எல்லோர் பெயரையும் முன்பதிவின்போதே கொடுத்துவிடுங்கள்.

விலைத்தாளைப் படிக்கும் முறை

இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று நாள் கட்டணம்: தங்குமிடம், உணவு, பி.எச்., தடம் பார்ப்பவர், வண்டி எல்லாம் அதற்குள் அடங்கும். இன்னொன்று ஒவ்வொரு விலங்குக்குமான டிராபி கட்டணம். வேட்டையாடாமல் உடன் வருபவரை 'அப்சர்வர்' என்று எழுதியிருப்பார்கள். அவருக்குக் குறைந்த நாள் கட்டணம். குழந்தைக்குப் பாதிக் கட்டணமோ, மிகச் சிறியவர்களுக்கு இலவசமோ பல இடங்களில் உண்டு. தாளில் இல்லாவிட்டாலும் கேட்டால் கொடுப்பார்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். தந்தை வேட்டையாடுகிறார், தாய் உடன் வருகிறார், இரண்டு பிள்ளைகள், ஏழு நாள். தந்தைக்கு நாளுக்கு 350 டாலர் என்றால் 2,450. தாய்க்கு 150 வீதம் 1,050. பிள்ளைகளுக்குத் தலா 75 வீதம் 1,050. விலங்குகள்: இரண்டு இம்பாலா 800, ஒரு வார்ட்ஹாக் 350, ஒரு நீல வில்டபீஸ்ட் 1,000, ஆக 2,150. கூட்டினால் 6,700 டாலர். நாள் கட்டணத்துக்கு 15 சதவீத வாட் வரி தனி என்றால் இன்னொரு 682. பணியாளர்களுக்கும் பி.எச்.சுக்கும் அன்பளிப்பு ஏறக்குறைய பத்து சதவீதம். இத்தனையும் சேர்த்தால் 8,100-ஐ நெருங்கும். விமான நிலையத்திலிருந்து அழைத்துப்போகும் செலவு, ரைஃபிள் வாடகை, தோல் கொம்பு பதப்படுத்தல், விமானச் சீட்டு எதுவும் இதில் இல்லை. பண்ணைக்குப் பண்ணை தொகை மாறும். ஆனால் விளம்பரத்தில் பார்த்த எண்ணுக்கும் கடைசியில் கட்டும் எண்ணுக்கும் இடைவெளி எங்கே பிறக்கிறது என்பது இதில் தெரியும்.

காயம்பட்டுத் தப்பிய விலங்குக்கும் முழுக் கட்டணம். ஒரு சொட்டு ரத்தம் தரையில் விழுந்தால் அது உங்கள் கணக்கு. இது எல்லா இடத்திலும் உள்ள விதி, நியாயமான விதியும்கூட. அதனால்தான் பிள்ளை தயங்கினால் "சுடு, சுடு" என்று யாரும் தூண்டக் கூடாது.

ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை: தேதிகள், பி.எச். பெயர், பண்ணையின் பெயர், ஒவ்வொருவரின் நாள் கட்டணம், விலங்குகளின் விலை, வாட் சேர்ந்ததா இல்லையா, முன்பணம் எவ்வளவு, பயணம் ரத்தானால் எவ்வளவு திரும்பும், வேட்டையில்லாத நாளுக்கு என்ன கட்டணம். கடைசி வரியை யாரும் கேட்பதில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் வந்து ஒருநாள் வீட்டில் இருக்க நேர்ந்தால் அதுதான் உதவும்.

துப்பாக்கி

கொண்டுபோவதா, வாடகைக்கு எடுப்பதா? இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்குத் தயக்கமின்றிச் சொல்லலாம்: வாடகைக்கு எடுங்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் வேட்டை சட்டவிரோதம். ஆகவே வேட்டைக்கேற்ற ரைஃபிள் நம்மவர் கையில் இருப்பதே அரிது. பண்ணை ரைஃபிள்களில் தென்னாப்பிரிக்காவில் பெரும்பாலும் சைலன்ஸர் மாட்டியிருக்கும். பிள்ளையின் காதுக்கும் தோளுக்கும் அது பெரிய நிம்மதி.

அமெரிக்கா, கனடா, ஐரோப்பாவிலிருந்து சொந்த ரைஃபிள் கொண்டுபோகிறவர்கள் தென்னாப்பிரிக்காவுக்கு அந்நாட்டுக் காவல்துறையின் எஸ்.ஏ.பி.எஸ். 520 படிவம் நிரப்ப வேண்டும். கறுப்பு மையில் எழுதுங்கள். கையொப்பத்தைக் காவல் அதிகாரி எதிரில்தான் போட வேண்டும். பண்ணையின் அழைப்புக் கடிதமும், ரைஃபிள் உங்களுடையது என்பதற்குச் சொந்த நாட்டுச் சான்றும் தேவை. தானியங்கி வகைக்கு அனுமதி கிடைக்காது. நமீபியாவில் நடைமுறை எளிது. வின்ட்ஹூக் விமான நிலையத்திலேயே காவல்துறை தற்காலிக அனுமதி எழுதித் தரும். விமானத்தில் தோட்டா ஒருவருக்கு 5 கிலோ வரைதான். ரைஃபிளிலிருந்து தனியே, பூட்டிய பெட்டியில். இடையில் மாறும் விமான நிலையத்தின் விதியையும் சேர்த்து விசாரியுங்கள். சிக்கல் வருவது பெரும்பாலும் அங்கேதான்.

நமீபியச் சட்டம் குண்டின் ஆற்றலுக்குக் குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறது. ஸ்பிரிங்பாக் அளவு விலங்குக்கு 1,350 ஜூல், கூடூ, ஜெம்ஸ்பாக் அளவுக்கு 2,700 ஜூல். பிள்ளைக்கு .243 அல்லது 7 எம்.எம்.-08 தோட்டா ரக ரைஃபிள் பொருத்தம். பெரியவருக்கு .308, .270, .30-06 எதுவும் போதும். பலமாக உதைக்கும் உங்கள் .300 மேக்னம் ரைஃபிளைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். முதல் உதையில் பயந்த தோள், அடுத்த முறை விசையை அழுத்தும் முன்பே சுருங்கிக்கொள்ளும். குண்டு வயிற்றில் போய்ப் படும். ரைஃபிளைத் தோளில் அணைக்கும் கட்டையும் குட்டையாக இருக்க வேண்டும். பெரியவர் கட்டை 34, 35 செ.மீ. இருக்கும், பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 31 செ.மீ. போதும். கட்டை நீளமானால் பிள்ளை தலையை முன்னுக்குத் தள்ளும், ஸ்கோப் எனும் குறிநோக்கியின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும்.

வீட்டிலேயே பழக வேண்டியது

அங்கே எல்லோரும் முக்காலிக் கம்பின் மேல் ரைஃபிளை வைத்து நின்றபடிதான் சுடுகிறார்கள். மேசையில் படுக்க வைத்துச் சுட்டுப் பழகியவர்களுக்கு அந்த நிலை முற்றிலும் புதிது. மூன்று மூங்கில் கழிகளை மேல்முனையில் இருந்து ஒரு சாண் கீழே ரப்பர் பட்டையால் கட்டினால் பயிற்சிக்கு முக்காலி தயார். ரைஃபிள் கிளப்பில் ஏர் ரைஃபிளைக் கொண்டே பாதி வேலை முடிந்துவிடும்: கம்பை விரி, ரைஃபிளை வை, மூச்சை விடு, மெல்ல அழுத்து. பத்து நொடிக்குள் இது கை வர வேண்டும். பண்ணைக்குப் போனதும் 100 மீட்டரில் 15 செ.மீ. வட்டத்துக்குள் பத்துக்கு ஒன்பது விழும் வரை பிள்ளையை விலங்கிடம் அழைத்துப் போகக் கூடாது. இம்பாலாவின் நெஞ்சறை ஏறக்குறைய அவ்வளவுதான் அகலம்.

ஆப்பிரிக்க மான்களின் இதயம் பலர் நினைப்பதைவிடக் கீழேயும் முன்னேயும் இருக்கிறது. விலங்கு பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் நடுவே கண்ணை ஏற்றி, உடலின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நிறுத்துங்கள். காலுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளிக் குறிபார்த்துப் பழகியவர்களின் குண்டு நுரையீரலின் பின்னோரத்தில் பட்டு, நாள் முழுக்கத் தேட வேண்டியதாகிவிடும். வரிக்குதிரைக்கு இயற்கையே குறி போட்டிருக்கிறது: தோளில் வரிகள் முக்கோணமாகச் சேரும் இடம். நேரெதிரே பார்த்து நிற்கும் விலங்கையும், பின்புறம் காட்டி நிற்பதையும் பிள்ளைக்கு விடக் கூடாது.

மந்தையில் நிற்கும் இம்பாலாவின் பின்னால் இன்னொன்று நின்றால் குண்டு துளைத்துப்போய் அதையும் வீழ்த்தும். இரண்டுக்கும் கட்டணம் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். அதைவிட, பிள்ளையின் மனம் கலங்கிப் போகும். பின்னால் வெறும் நிலம் தெரியும் வரை காத்திருங்கள். சுட்டவுடன் கூச்சல் போடாமல் அடுத்த தோட்டாவை ஏற்றி அதே குறியில் இருக்கச் சொல்லுங்கள். தேடுவதற்குத் தடம் பார்ப்பவரும், பல இடங்களில் ஜாக் ரஸ்ஸல் நாயும் வருவார்கள். அந்த நாய்தான் குழந்தைகளுக்கு அந்த வாரத்தின் நண்பன்.

இன்னொன்றையும் வீட்டிலேயே பேசிவிடுங்கள். விலங்கு சாகும்; ரத்தம் இருக்கும்; அழுகை வந்தால் அழலாம்; கடைசி நொடியில் வேண்டாம் என்று தோன்றினால் ரைஃபிளை இறக்கிவிடலாம், யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம். தோலுரிக்கும் கொட்டகைக்கு வருவதும் வராததும் பிள்ளையின் விருப்பம். முதல் விலங்கின் ரத்தத்தை நெற்றியில் பூசும் வழக்கம் சில பண்ணைகளில் உண்டு. பிடிக்காவிட்டால் முன்பே பி.எச்.சிடம் சொல்லிவிடுங்கள். நமீபியாவின் ஜெர்மானியக் குடும்பங்கள் வீழ்ந்த விலங்கின் வாயில் ஒரு பச்சைத் தழையைக் கடைசிக் கவளமாக வைத்துச் சில கணம் மௌனமாக நிற்பார்கள். அதைக் குழந்தைகள் அவசியம் பார்க்கட்டும். இறைச்சி வீணாவதில்லை. பண்ணையின் குளிரறைக்குப் போய், அன்றிரவு மேசைக்கும் பணியாளர் வீடுகளுக்கும் கடைக்கும் பிரியும். அதைப் பிள்ளைக்குக் காட்டினால் பல கேள்விகளுக்குத் தானே பதில் கிடைத்துவிடும்.

தாள்களும் உடல்நலமும்

தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை, தாய், பிள்ளை மூவரின் கடவுச்சீட்டிலும் மூன்று வேறு 'சர்நேம்' இருக்கும். சிறுவர் கடத்தலைத் தடுக்க நமீபியாவும் தென்னாப்பிரிக்காவும் பெற்றோர் யார் என்பதற்குத் தாள் கேட்கும் நாடுகள். பெற்றோர் இருவரின் பெயரும் ஆங்கிலத்தில் உள்ள முழுப் பிறப்புச் சான்றிதழை ஒவ்வொரு பிள்ளைக்கும் கையில் வையுங்கள். பழைய சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கிலப் படி வாங்குங்கள். பெற்றோரில் ஒருவர் வரவில்லையென்றால் அவருடைய சம்மதப் பத்திரமும், கடவுச்சீட்டு நகலும், தொலைபேசி எண்ணும் வேண்டும். விசா விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் சீட்டு எடுக்கும் முன் தூதரகத் தளத்தில் பாருங்கள்.

அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் பறந்து அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் நிற்க நேர்ந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே அது செல்லும்.

உண்ணியைக் குறைவாக எடைபோடாதீர்கள். புல்லில் நடந்த ஒவ்வொரு மாலையும் குழந்தையின் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதின் பின்புறம் பார்க்க வேண்டும். கடித்த இடம் கறுத்து, சில நாளில் காய்ச்சலும் தலைவலியும் வந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ஊர் திரும்பிய பிறகு வந்தாலும் எங்கே போய் வந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்வது எளிய தடுப்பு.

நாட்களை அடுக்குவது

பத்து நாள் இருந்தால் ஆறு நாள் வேட்டைக்கு, மிச்சம் குடும்பத்துக்கு. முதல் நாள் மதியம் குறி சரிபார்ப்பும் ஓய்வும் மட்டும். இரண்டு முழு வேட்டை நாளுக்குப் பிறகு ஒரு நாள் எல்லோரும் சேர்ந்து வெளியே போங்கள். ஈஸ்டர்ன் கேப் என்றால் 1931-இல் தொடங்கிய அட்டோ யானைப் பூங்கா, குபேஹா (முன்பு போர்ட் எலிசபெத்) நகரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். நமீபியா என்றால் பயணத்தின் முடிவில் எட்டோஷா தேசியப் பூங்காவுக்கு இரண்டு இரவு வையுங்கள். வின்ட்ஹூக்கிலிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல் என்பதால் ஒரே நாளில் போய்த் திரும்ப நினைக்காதீர்கள். எட்டோஷா மலேரியா பகுதிக்குள் வருகிறது. குளிர்காலத்தில் ஆபத்து குறைவு என்றாலும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜூன் மாதம் ஜோகன்னஸ்பர்க் பக்கம் சூரியன் ஏழுக்குச் சற்று முன் உதித்து ஐந்தரைக்கு முன்பே மறைந்துவிடும். மாலை வேட்டைக்கு மூன்று மணிக்கே கிளம்ப வேண்டும் என்பது இதனால்தான். இரவு எட்டரைக்கெல்லாம் எல்லோரும் தூங்கிப்போவார்கள். குழந்தைகளுக்கு அந்த நேரம் சுகமாகப் பிடித்துப்போகும்.

கடைசி நாளில் மூன்று வேலைகள். அன்பளிப்பை பி.எச்.சுக்கும், தடம் பார்ப்பவருக்கும், சமையல் மற்றும் வீட்டுப் பணியாளர்களுக்கும் தனித்தனி உறையில் கொடுங்கள். எவ்வளவு வழக்கம் என்று உரிமையாளரிடமே கேட்கலாம். கொம்பையும் தோலையும் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தால், உங்கள் நாடு அவற்றை உள்ளே விடுமா என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவில் வனவிலங்குப் பொருள் இறக்குமதி மிகக் கடுமையானது. அனுமதி கைக்கு வராமல் எதையும் அனுப்பச் சொல்லாதீர்கள். அனுமதி உள்ள நாடுகளுக்கும் வந்து சேர ஓராண்டு வரை ஆகலாம். பதப்படுத்துபவரின் பெயரும், ஒவ்வொரு பொருளிலும் கட்டிய அடையாளச் சீட்டின் எண்ணும் உங்கள் கையில் இருக்கட்டும். இறைச்சியையும் உப்பிட்டுக் காயவைத்த பில்டாங்கையும் பெட்டியில் வைக்காதீர்கள். கோமாரி நோய்க்குப் பயந்து பெரும்பாலான நாடுகள் பறித்துவிடும், அபராதமும் விழும். மூன்றாவதாக, பெட்டிகளிலும் சட்டைப் பைகளிலும் தோட்டா எதுவும் தங்கிவிடவில்லையே என்று எல்லோர் துணியையும் ஒருமுறை உதறிப் பாருங்கள். பிள்ளைகள் நினைவுக்காக வெற்றுக் கூட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள். விமான நிலையச் சோதனையில் அதுவும் பிரச்சினைதான்.